கை ஓய்ந்தால் வீடு போகும்: எமரால்டிலிருந்து ஒரு வரலாறு

எமரால்டு என்றதும் பலருக்கும் அணைதான் நினைவுக்கு வரும். ஊட்டியிலிருந்து குந்தா பக்கமாகச் சுமார் 20 கிலோமீட்டர் போனால் வரும் ஊர் அது. 1950களின் பிற்பகுதியில் கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியோடு நடந்த குந்தா நீர்மின் திட்டத்தில்தான் எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்கள் உருவாயின. தண்ணீரைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம், இந்த மலையில் வேலை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், வேலை செய்ய முடியாமல் போனதும் எங்கே போனார்கள் என்று கேட்டால் பதில் வராது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன், தோழர்களே. உடம்போ மனமோ ஊனமுற்று, வீடும் இல்லாமல் போனவர்களுக்கு இந்த நாட்டில் எப்போதாவது நிலையான வீடு கிடைத்ததா? கிடைத்திருந்தால் எந்த நிபந்தனையின் பேரில்?

நீலகிரியின் தேயிலையையும் காய்கறித் தோட்டங்களையும் புரிந்துகொள்ள 1964 அக்டோபர் 30-ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பிக் கண்டிச் சீமைக்குப் போன பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் தமிழக அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ என்ற அரசு நிறுவனமாயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். டான்டீயில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் எஸ்டேட்டுக்கும், கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற தோட்டங்களுக்கும் தினக்கூலிக்குப் போனார்கள். எமரால்டு, குந்தா பக்கம் இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்று சொல்வது இவர்களைத்தான். அரசு ஆவணத்தில் அவர்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. தாயகம் திரும்பியவருக்குத் தாயகத்தில் ஒரு சென்ட் நிலமாவது இருந்ததா என்று அந்த ஆவணம் கேட்டுக்கொள்ளவில்லை.

இலங்கையில் அதை லயம் என்பார்கள். வால்பாறையில் பாடி. நீலகிரியில் லைன். பெயர் எதுவானாலும் சுவருக்குச் சுவர் ஒட்டிய அறைகளின் வரிசை, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் புகை அடைந்த ஒரு அடுப்பங்கரை. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் முதலாளி வீடு தர வேண்டும் என்று 15-வது பிரிவில் சொன்னது. நல்ல சட்டம்தான். சுதந்திர இந்தியாவில் முதலாளி மீது வீட்டுப் பொறுப்பைச் சுமத்திய சட்டங்களில் முக்கியமானது. ஆனால் அந்தச் சட்டத்தின் வீடு தொழிலாளிக்கான வீடு. பெயர் மஸ்டரில் இருக்கும்வரை வீடு. அறுபதைத் தொட்டாலோ, உடம்பு முடியவில்லை என்று பெயர் நீங்கினாலோ வீடும் கூடவே போகும். பணிக்கொடையை வாங்க வேண்டுமென்றால் முதலில் சாவியைக் கொடு என்பது மலைத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய வாக்கியம்.

இதற்குத் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அப்பன் ஓய்வு பெறும்போது மகனோ மகளோ பெயர் பதிந்துகொண்டால் வீடு தங்கும். பிளஸ் டூ முடித்த பெண் கொழுந்துக்கூடையைத் தோளில் மாட்டியதற்குப் பின்னால் எத்தனையோ வீடுகளில் இந்தக் கணக்குதான் இருந்தது. படிப்பா, கூரையா என்றால் கூரை. இப்போது அந்த வீட்டில் இருக்கும் ஒரே பிள்ளை பார்வையற்றவராகவோ, மனநோய் கண்டவராகவோ, கால் விளங்காதவராகவோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெயர் பதிய ஆளில்லை. தாய் தகப்பன் இருக்கும்வரை அவர்கள் பெயரில் ஒண்டிக்கொள்ளலாம். அவர்களுக்குப் பிறகு ஊட்டி பஸ் ஸ்டாண்டு.

தோட்டத்தில் உடம்பு கெடுவதற்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. கவ்வாத்துக் கத்தி, மருந்தடிக்கும் டப்பா, மழையில் வழுக்கும் சரிவு, அதிகாலையில் புதருக்குள் நிற்கும் காட்டெருமை. 1923-ன் இழப்பீட்டுச் சட்டம் இதற்கெல்லாம் விலைப்பட்டியல் போட்டிருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. மற்றக் கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40 சதவீதம். உறுப்பு உறுப்பாக எண்ணத் தெரிந்த அந்தப் பட்டியலில் வீடு என்ற வரி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்த மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். இந்தச் சிறிய வித்தியாசத்துக்கு நம் ரத்தத்தில் காரணம் தேட வேண்டாம். யாருடைய உடம்பு எந்த வேலையில் தேய்கிறது, யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் டாக்டரைப் பார்க்க முடிகிறது என்பதில் தேடினால் போதும்.

சரி, வீடிழந்த ஊனமுற்றவரை அரசு எங்கே கொண்டு போய் வைத்தது? அந்த வரலாறு மலைக்கு வெளியே, பெரும்பாலும் சென்னையிலும் அதைச் சுற்றியும் நடந்தது.

1794-ல் வேலண்டைன் கொனோலி என்ற கம்பெனி மருத்துவர் சென்னையில் ஒரு பைத்தியக்கார விடுதி திறந்தார். அந்தக் கால வழக்கில் அதுதான் பெயர். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. இன்று மனநலக் காப்பகம் என்று நாம் சொல்லும் இடம் அதுதான். பல பத்தாண்டுகள் தமிழகம் முழுமைக்கும் இருந்த ஒரே அரசு மனநல மருத்துவமனை. குந்தாவிலோ கூடலூரிலோ மனம் பேதலித்து அலைந்தவரைப் போலீஸ் பிடித்தால், முறைப்படி போக வேண்டிய இடம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. போனவர் குணமானாலும் திரும்பி வரும் முகவரி அவரிடம் இருக்க வேண்டுமே. மொழி தெரியாத ஊரிலிருந்து வந்தவரும், லைன் வீடு கைமாறிய பிறகு வந்தவரும் எந்த முகவரியைச் சொல்வார்கள்?

தொழுநோயாளிக்கு வேறொரு கதவு. 1898-ன் தொழுநோயாளர் சட்டம் ஒரு விசித்திரமான பிரிவினையைச் செய்தது. நோயாளிகள் எல்லோரையும் அது பிடிக்கவில்லை. 'ஏழைத் தொழுநோயாளி'யை மட்டும், அதாவது பிச்சை எடுப்பவரையும் பிழைக்க வழி இல்லாதவரையும், வாரண்டு இல்லாமல் பிடித்து விடுதியில் அடைக்கலாம் என்றது. பங்களாவில் இருக்கும் தொழுநோயாளி பங்களாவிலேயே இருக்கலாம். கிருமிக்குப் பயந்து போட்ட சட்டம் என்றால் கிருமிக்குச் சொத்துக் கணக்கு தெரியுமா? அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2016-ல். அதே புத்திதான் 1945-ன் சென்னை மாகாணப் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டத்திலும் இருந்தது. வீடில்லாதவரைப் பிடி, நீதிபதி முன் நிறுத்து, முகாமில் வை. கண் தெரியாதவரும் கை இல்லாதவரும் அந்த முகாமுக்குள் கூரையின் கீழ்தான் இருந்தார்கள். கதவின் தாழ்ப்பாள் மட்டும் வெளியே இருந்தது.

இந்தக் கதையில் 1971-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கலைஞர் ஆட்சியில் அந்த ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று குடியிருப்பு மனைச் சட்டம். மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலி அந்த மனைக்குச் சொந்தக்காரராகலாம் என்றது. அதுவரை ஆண்டை 'போ' என்றால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கூலி உயர்வு கேட்டாலும் போக வேண்டும், நோயில் படுத்தாலும் போக வேண்டும். கீழத்தஞ்சையில் 1968-ல் கீழவெண்மணியை எரித்தவர்களின் அதிகாரம் இந்த 'போ'வில்தான் உட்கார்ந்திருந்தது. அதைச் சட்டம் ஓரளவு பறித்தது. மனை சொந்தமான பிறகு படுத்த படுக்கையில் கிடந்த கூலியைக் கிளப்ப ஆண்டையால் முடியவில்லை. ஊனமுற்றோருக்கான வீட்டுத்திட்டம் என்று யாரும் அதை அழைப்பதில்லை. என் கணக்கில் அது அந்த வேலையையும் செய்தது. மலைத்தோட்டத்து லைனுக்கு மட்டும் அந்த 1971 வரவில்லை. சமவெளியின் சேரிக்குக் கிடைத்த மனைப்பட்டா, அதே சாதிகள் மலையேறி வாழ்ந்த லைனுக்கு எட்டவில்லை.

இரண்டாவது, இரவலர் மறுவாழ்வுத் திட்டம். தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த தொழுநோயாளர்களுக்காக மாநிலத்தில் பத்து மறுவாழ்வு இல்லங்கள் அமைந்தன. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பரனூர் அவற்றில் ஒன்று. இரயிலில் போகும்போது நீங்கள் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். இதைத் தமிழகத்தின் முதல் பெரிய ஆதரவு வீட்டுத் திட்டம் என்றே சொல்வேன், குறைகளோடுதான். அங்கே குடும்பமாக இருக்கலாம். சோறு உண்டு, மருத்துவம் உண்டு, தறி போன்ற கைத்தொழில் உண்டு. குணமாகிவிட்டாய், கிளம்பு என்று யாரும் துரத்தவில்லை. ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. நம் ஆட்களில் சிலர் அந்தத் திட்டத்தைத் தேர்தல் கருணை என்று தள்ளிவிடுவதுண்டு. தெருவில் கிடந்தவருக்கு வாழ்நாள் கூரை கிடைத்ததை அப்படித் தள்ளிவிட என்னால் முடியாது.

குறை என்ன? ஊருக்கு வெளியே. சேரி எங்கே இருந்ததோ, அதே தூரத்தில், அதே காரணத்துக்காக. நோய் குணமானவருக்கு எதற்கு ஊருக்கு வெளியே வீடு? கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த 1980களுக்குப் பிறகு தொழுநோய் மாதக்கணக்கில் குணமாகும் நோய். ஆனாலும் நாடு முழுவதும் 850 அளவில் தொழுநோயாளர் குடியிருப்புகள் இருப்பதாகச் சட்ட ஆணையம் 2015-ல் தன் 256-வது அறிக்கையில் எழுதியது. அங்கே வாழ்பவர்களுக்கு நில உரிமை கொடுங்கள் என்றும் பரிந்துரைத்தது. மூன்றாம் தலைமுறை வந்த பிறகும் காலடியில் இருக்கும் மண் தன் பெயரில் இல்லை. லைனில் கேட்ட அதே கதைதான்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் மனநோய் விடுதிகளில் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: விசாரணை ஆணையம், உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கு, விடுதிகளை மூடும் உத்தரவு. அந்த நாட்களின் விவாதம் பெரும்பாலும் மூடநம்பிக்கையைச் சுற்றியே நடந்தது. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. அந்தக் குடும்பங்கள் ஏன் ஏர்வாடிக்கு வந்தன? நேர்ச்சைக்காக மட்டுமா? நாள் முழுக்கக் கூலிக்குப் போகிற வீட்டில் மகனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் ஒருவரைத் தங்கவைக்க ஏழைக்குக் கட்டுப்படியான இடம் அரசிடம் இல்லை. கொட்டகைக்காரரிடம் இருந்தது. விடுதிகளை மூடிய கையோடு அந்த ஆட்களுக்கு வீடு திறந்திருந்தால் விவாதம் முழுமையாகியிருக்கும். பலரைக் கீழ்ப்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். சங்கிலி போயிற்று. வீடு வரவில்லை.

சட்டம் அந்த வீட்டை வாயால் சொல்ல இன்னும் 16 ஆண்டுகள் பிடித்தன. அதற்கெல்லாம் முன்பே, 1993-ல் ஷீலா பார்சே வழக்கில், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். அதுவரை வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 2007-ல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. அதன் 19-வது உறுப்பு, யாரோடு எங்கே வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளியே தேர்ந்தெடுக்கலாம், குறிப்பிட்ட விடுதியில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு அதன் எதிரொலி. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகப் பேசியது. அதன் 19-வது பிரிவை நம் பயிற்சி முகாம்களில் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும் என்பேன். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்குக் குழு இல்லம் போன்ற ஏற்பாடுகளைச் சமூகத்துக்குள் அரசு செய்து தர வேண்டும். தயவு என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை.

சட்டம் வந்த பிறகு எடுத்த கணக்கு ஒன்று உண்டு. நாடெங்கும் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவர்கள் 4,935 பேர். உள்நோயாளிகளில் 36 சதவீதத்துக்கு மேல். 2019-ல் வெளியான அறிக்கை இது. இவர்களில் பலருக்கு மருத்துவமனைக் கட்டில் இனித் தேவையே இல்லை, வீடுதான் தேவை.

இந்த இடத்தில் தி பேன்யன் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தது என்று எழுதியாக வேண்டும். 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக ஆரம்பித்தது அது. முதலில் அதுவும் ஒரு விடுதிதான். குணமான பெண்களை ஊருக்கு அனுப்பினார்கள். பலர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். போக இடமில்லாமல் தங்கிப்போனவர்களும் இருந்தார்கள். கீழ்ப்பாக்கத்தின் சிக்கல் சின்ன அளவில் இங்கேயும் வந்தது. 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு முறையை ஆரம்பித்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. அதில் நான்கைந்து பேர், ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டு சேர்ந்து வாழ்வார்கள். சமையல், சந்தை, சண்டை, கோயில், டிவி எல்லாம் அவர்கள் பாடு. உதவிக்கு ஒரு பணியாளர் கூட இருப்பார் அல்லது வந்து போவார். வேலைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்ற கெடு இல்லை. பிறகு இந்த முறை கேரளத்துக்கும் அஸ்ஸாமுக்கும் போயிற்று. ஆரம்ப நிதி கனடாவிலிருந்து வந்தது. எமரால்டு அணைக்கும் கனடா, இதற்கும் கனடா. நம் கஜானா மட்டும் எப்போதும் கடைசியில் வருகிறது.

உலகத்தில் இது புதிய யோசனை இல்லை. இத்தாலி 1978-ல் 180-ஆம் எண் சட்டத்தின் மூலம் மனநோய் விடுதிகளில் புது ஆட்களைச் சேர்ப்பதையே நிறுத்தியது. நியூயார்க்கில் 1992-ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 'முதலில் வீடு' என்ற முறையைத் தொடங்கினார். அதுவரை அங்கே இருந்த ஏணி இப்படி: குடியை விடு, மாத்திரையைப் போடு, விடுதியில் ஒழுங்காக இரு, கடைசியில் வீடு தருகிறோம். செம்பெரிஸ் ஏணியைத் தலைகீழாக்கினார். வீட்டை முதல் நாளே கொடு, மீதியைப் பிறகு பேசலாம் என்றார். கனடா இதை 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்துப் பார்த்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில் முழு நேரமும் வீட்டில் இருந்தவர்கள், இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான சேவைகளில் விடப்பட்டவர்களில் 31 சதவீதம். வீட்டைக் கொடுத்தால் சோம்பேறியாவான் என்ற வாதம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நம்மூரில் இலவசத் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆனால் நியூயார்க்கையோ சென்னையையோ அப்படியே தூக்கி மலைமேல் வைக்க முடியாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் வேண்டும். மனநோய் கண்ட நான்கு பெண்களுக்கு வீடு பிடிப்பது கடினம். அந்த நான்கு பேரும் எந்தச் சாதி என்று வீட்டுக்காரர் கேட்கும் ஊரில் இன்னும் கடினம். நாமே வாடகைக்குப் போகும்போது என்னென்ன பொய் சொல்லியிருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். ஆதரவு வீட்டைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் களங்கம், ஒதுக்கல் என்று நிறையப் பேசுகின்றன. சாதி என்ற சொல்லை அவை பேசுவது அபூர்வம். அதை எழுத வேண்டியவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள். இன்னொன்று, அந்த வீடுகளில் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள். இராப்பகல் வேலைக்கு அவர்களுக்கு என்ன சம்பளம், என்ன விடுப்பு, முதுமையில் என்ன? ஒருவருக்கு வீடு கொடுக்க இன்னொருத்தியை லைன் வீட்டுக்காரியாக்கிவிடக் கூடாது.

வெறும் வீடும் போதாது. சென்னையில் கூவம் ஓரத்திலிருந்து பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டு போய் வைத்தார்களே, அவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. லிஃப்ட் நின்றுபோன நாளில் சக்கர நாற்காலிக்காரர் ஏழாவது மாடியில் கைதி. பழைய ஆஸ்பத்திரி தூரம், பழைய பிழைப்பு தூரம். காகிதத்தில் அது வீடு கொடுத்த திட்டம்தான். ஆதரவு என்ற பாதியை விட்டுவிட்டுக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

மலைக்கு வருவோம். வீடற்றோர் காப்பகங்கள் 2010-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் வந்தவை. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'நகர்ப்புற' என்று இருக்கிறது. எமரால்டு, மஞ்சூர், இத்தலார் எதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. 2018 முதல் தமிழக அரசு தேசிய நலவாழ்வு இயக்கத்தின் வழியாகத் திறந்துவரும் மனநோயாளர் அவசர சிகிச்சை மீட்பு மையங்கள் நல்ல முயற்சி. தெருவில் கிடப்பவரை மீட்டு, சிகிச்சை கொடுத்து, ஊருக்கு அனுப்பும் மையங்கள் அவை. ஊரே இல்லாதவருக்கு அடுத்த படி என்ன என்பதில்தான் அவையும் திணறுகின்றன. இதற்கிடையே டிசம்பரில் இங்கே புல்லில் உறைபனி படியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, எமரால்டு பக்கம் வீடிருந்தவர்களே பள்ளிக்கூடங்களில் ஒதுங்கினார்கள். கடைத்திண்ணையில் படுப்பவரைப் பற்றி என்ன சொல்ல.

லைன் வீடுகளும் இப்போது ஆட்டம் காண்கின்றன. 2022-ல் டான்டீ தன் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்கும் முடிவு வந்தது. ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்யும் பேச்சு கூடவே வந்தது. போராட்டங்களுக்குப் பிறகு, சொந்த வீடில்லாத முன்னாள் தொழிலாளர்களுக்கு அரசே வீடு ஒதுக்குவதாக அறிவித்தது. 2024-ல் மாஞ்சோலையில் பி.பி.டி.சி. நிறுவனம் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் இறக்கியது. 1999-ல் கூலி கேட்டு, தாமிரபரணிக் கரையில் 17 பேரைப் பறிகொடுத்த அதே மாஞ்சோலை. இந்த இரண்டு போராட்டங்களிலும் நாம் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். வேலை, நிலம், பட்டா எல்லாம் இருக்கும். லைனில் படுக்கையோடு கிடக்கும் தம்பிக்கு, பேச்சு வராத மகளுக்கு, தாய் தகப்பன் போன பிறகு எந்த ஏற்பாடு என்ற வரி அநேகமாக இருக்காது. தொழிலாளியின் பெயரில் ஒதுக்கும் வீடு அவருக்குப் பின் அந்த மகளுக்கு நிற்குமா, கூட இருந்து பார்ப்பவருக்கு யார் சம்பளம் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு கொடுக்கும் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையில் ஊட்டியில் ஒரு அறைக்கு வாடகை கொடுக்க முடியாது, சோறு அப்புறம்.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் பத்து ரூபாய் செலவில் ஒரு ஆர்.டி.ஐ. மனுவிலிருந்து தொடங்கலாம். நீலகிரி மாவட்டத்தில் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி இதுவரை எத்தனை குழு இல்லங்கள் திறக்கப்பட்டன, அவற்றில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், சமவெளிக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள். டான்டீயிடம், ஓய்வு பெற்றவர்களுக்கு ஒதுக்கும் வீடுகளில் மாற்றுத்திறனாளி வாரிசுகளின் உரிமை என்ன என்று தனியாகக் கேளுங்கள். மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கும் வெவ்வேறாக அனுப்புங்கள். ஒன்றாக அனுப்பினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவதிலேயே முப்பது நாள் போய்விடும்.